பால் கரண்டி

யூதத் தெருப் பிள்ளைங்களுக்கு நடை பழகும்போதே இதையும் பழக்கிடுவாங்க: கறியும் பாலும் ஒண்ணாச் சேரக்கூடாது. கறிக்குத் தனிச் சட்டி, பாலுக்குத் தனிச் சட்டி. கரண்டி வேற, கழுவுற துணியும் வேற. மாறிப்போச்சுன்னா தெருவோட மதகுரு ரபிகிட்ட ஓடணும். சாப்பிடலாமா, கொட்டணுமான்னு அவர்தான் சொல்லுவார்.

பிள்ளைங்களுக்கு அந்தப் பாடம் நடத்த, ரபி மெனாகெம் தன்னோட சீடன் நப்தலியை விட்டிருந்தார். நப்தலி பிடிச்ச பிடியை விடாத ஆளு. கரண்டி மாத்தின பிள்ளையை வெயில்ல நிக்க வைப்பான். யெமிமாங்கிற குட்டிப் பொண்ணுகூட ஒருநாள் நின்னா.

அன்னிக்கு வகுப்புக்குப் பரீட்சை. பிள்ளைங்களே கறிக்குழம்பு வச்சிருந்தாங்க. ரபி வாயில வச்சா வகுப்பு நப்தலிக்கே நிரந்தரம். வைக்கலேன்னா வேற வாத்தியார்.

தட்டு வந்துச்சு. ரபி தொடல.

"உப்பு பத்தலைங்களா ரபி?"ன்னு நப்தலி கேட்டான்.

"வாசனையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏம்ப்பா நப்தலி, முன்னெல்லாம் தினம் ஒரு பிள்ளை கரண்டியும் கையுமா என் வாசல்ல நிக்கும். மத்தியானம் கண்ணை மூட விடாதுங்க. நீ வந்ததுலருந்து நல்லாத் தூங்குறேன்."

நப்தலிக்கு நெஞ்சு நிமிர்ந்துச்சு. "இப்ப யாரும் தப்பே பண்றதில்லைங்க."

"நீ பண்றதுண்டா?"

"எப்பவாவது... ஆகுறதுதானே."

"உனக்கு ஆகுது. இதுங்களுக்கு ஆகல."

நப்தலி பிள்ளைங்க பக்கம் திரும்பினான். "யாராவது கரண்டிய மாத்திட்டீங்களா?"

எல்லாத் தலையும் இல்லைன்னு ஒண்ணா ஆடுச்சு. ரபி தட்டைத் தள்ளி வச்சார்.

நப்தலிக்கு வேர்த்துருச்சு. "வேணும்னா நான் முதல்ல சாப்பிட்டுக் காட்டட்டுங்களா?"

"விஷமா வச்சிருக்கு, நீ சாப்பிட்டுக் காட்ட?"

அப்புறம் பிள்ளைங்களைப் பார்த்தார். "போன வாரம் நான் தயிர்க் கரண்டியைக் கறிச்சட்டியில விட்டுட்டேன். எங்க வீட்டம்மா சட்டியை வெளிய வச்சா. கூடவே என்னையும் வச்சா."

பிள்ளைங்க சிரிச்சுதுங்க. சிரிப்பு அடங்குறதுக்குள்ள யெமிமா எந்திரிச்சா.

"ரபி, இந்தக் குழம்பைப் பால் கரண்டியாலதான் கிண்டினேன். கொதிக்கும்போதே."

நப்தலியோட கை வெளிய போன்னு காட்டக் கிளம்புச்சு. ரபி அந்தக் கையைப் பார்த்தார். கை பாதியிலயே நின்னு, மெதுவா இறங்குச்சு.

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"ன்னு நப்தலி கேட்டான்.

"வெயில் சுடுது, வாத்தியாரே."

கொட்டிடுன்னு ரபி தலையாட்டினார். நப்தலியே சட்டியைத் தூக்கிட்டுப் போய்க் கொட்டினான். திரும்பி வந்து தலைகுனிஞ்சு நின்னான்.

"பரீட்சை போச்சுங்க. உங்க தட்டுல வைக்க ஒண்ணுமில்ல."

"ரொட்டி இருக்கில்ல? கொண்டா. இப்பதான் உன் வகுப்புல நம்பிச் சாப்பிடலாம்."