கைமாறும் டயர்

"நிறுத்துங்க கோச்! அது என் டயர்!" என்று கத்தினார் சிற்றம்பலம்.

பிலோமினா நிறுத்தவில்லை. டயரை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஆக்ஸா பிளேடால் அதை அறுத்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் தூள் அவள் காலடியில் உதிர்ந்தது.

"பைத்தியமா உங்களுக்கு? நல்ல டயருங்க அது!"

"நல்ல டயரா?"

"பரிசோதனையில காட்டிட்டு வந்திருக்கேன். தேய்மானக் குறிக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு, தாராளமா ஓட்டலாம்னு அவங்களே சொன்னாங்க. அவங்களைவிட நீங்க பெரிய ஆளா?"

பிளேடு விளிம்புக் கம்பியில் முட்டிக் கிறீச்சிட்டது. அவள் அதைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து மறுபடி இழுத்தாள்.

சிற்றம்பலத்துக்கு நாற்பத்தொன்பது வயது. துறையூர்ப் பக்கம் மூன்று டவுன் பஸ்களுக்குச் சொந்தக்காரர். பந்தயத் தடத்தில் பைக் ஓட்ட வந்ததே மூன்று வருடத்துக்கு முன்னால்தான். கற்றுக்கொடுப்பவள் பிலோமினா. அவரைவிடப் பத்து வயது இளையவள்.

அன்று காலை மூன்றாவது வளைவில் அவருடைய பின்சக்கரம் வழுக்கியது. ஷெட்டுக்கு வந்ததும் புது டயர் போட்டுக்கொண்டார். கழற்றிய டயரை யாசருக்குக் கொடுத்தார்.

அந்தத் தடத்தில் அதுதான் வழக்கம். வேகமாகப் போகிறவர் கழற்றியதை மெதுவாகப் போகிறவர் மாட்டிக்கொள்வார். கொடுப்பவருக்கும் சந்தோஷம், வாங்குபவருக்கும் சந்தோஷம்.

யாசர் பேக்கரி வேன் ஓட்டுகிறவன். இந்த வருடம்தான் பைக்கோடு தடத்துக்கு வந்தான். அவன் டயரைக் காலையிலேயே பரிசோதகர் ஆகாது என்று சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு அவனுக்கு லைசென்ஸ் ஓட்டம். அதில் தேறினால்தான் பந்தயத்தில் இறங்கலாம். தவறினால் அடுத்த வருடம்.

அவன் ஓட்டம் முடிந்த கையோடு சிற்றம்பலத்தின் தகுதி ஓட்டம். நடுவில் ஒரு சக்கரம் மாற்றக்கூட நேரமில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கான பந்தயத்தில் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இமைக்கும் நேர வித்தியாசத்தில் இடம் தவறவிட்டவர் அவர். புது டயர் அதற்காகத்தான்.

இப்போது யாசர் ஷெட்டுக்குள் நின்று, பாதி அறுபட்ட டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதலாளி, அது எனக்குக் குடுத்ததுதானே?"

"உனக்குக் குடுத்ததுதான்யா. நான் குடுத்ததை இவங்க அறுக்கிறாங்க. கேளு!"

"கோச், என் மேல எதாவது கோபமா?"

"உங்க மேல இல்ல" என்றாள் பிலோமினா.

சிற்றம்பலம் கிளவுஸைக் கழற்றித் தரையில் எறிந்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா டயர் பார்க்கிறவன் நான். எட்ட நின்னு பார்த்தே இன்னும் எத்தனை நடை தாங்கும்னு சொல்லுவேன். எனக்கா நல்ல டயர் எது, கெட்ட டயர் எதுன்னு தெரியாது?"

"பஸ்ஸுக்கு எப்போ மாத்துவீங்க?"

"பட்டன் தேஞ்சு மேல்பக்கம் வழவழன்னு ஆனா."

"கழட்டினதை என்ன பண்ணுவீங்க?"

"மேல புது ரப்பர் ஒட்டி ரீட்ரெடிங் போட்டுப் பின்னாடி மாட்டுவேன்."

"முன்னாடி?"

"முன்னாடியா? முன்னாடி ரீட்ரெடிங் போடுவானா எவனாவது? வெடிச்சா ஸ்டியரிங் கையில நிக்காது. உள்ளே அறுபது பேர் இருப்பாங்க."

"ம்."

அவள் பிளேடை எடுத்து நுனியைத் துடைத்தாள்.

"டிரைவர் வந்து டயர் சரியில்ல முதலாளின்னு சொன்னா?"

"போய்ப் பார்ப்பேன். பட்டன் இருந்தா, போய் வண்டியை எடுடான்னு திட்டுவேன். அவனுங்க லீவு போடறதுக்கு ஆயிரம் காரணம் சொல்லுவானுங்க."

"நீங்க பஸ் ஓட்டியிருக்கீங்களா?"

"ஓட்டாம? மொத பஸ் வாங்கினப்போ டிரைவர் வெக்க வழியில்ல. ஒரு வருஷம் நான்தான்."

"அந்த வருஷம் எப்போ மாத்துனீங்க?"



"அது வேற" என்றார்.

"எப்போ மாத்துனீங்க?"

"கொஞ்சம் முன்னாடியே மாத்திருவேன். அதுக்கென்ன இப்போ?"

அவள் மறுபடி அறுக்கத் தொடங்கினாள்.

"இதான்! இதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது!" அவர் குரல் ஷெட்டின் தகரக் கூரையில் மோதியது. "கேள்வி கேட்டா கேள்வி கேக்கிறீங்க. மூணு வருஷமா ஒரே ஒரு விஷயம் கேக்கிறேன். தடத்துல ஓட்டுற டயரை எப்போ மாத்தணும்? மத்த கோச்சுங்க எல்லாரும் ஒரு கணக்கு சொல்றாங்க. இத்தனை ரவுண்டுக்கு மேல வேண்டாம், இத்தனை தடவை சூடாகி ஆறினா வேண்டாம்னு. நீங்க ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கீங்களா?"

"இல்ல."

"இன்னைக்காவது சொல்லுங்க. சொல்லிட்டு அறுங்க."

பிலோமினா டயரை அவர் பக்கம் திருப்பினாள்.

"நகத்தை வைங்க."

"எதுக்கு?"

"வைங்க சார்."

அவர் கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினார். ஒன்றும் பதியவில்லை.

அவள் அவருடைய வண்டியைக் காட்டினாள். அவர் ஸ்டாண்டில் நின்ற வண்டியருகே போய்க் குனிந்து புது டயரில் நகத்தை அழுத்தினார். பிறை போல ஒரு தடம் விழுந்தது. மெல்ல மறைந்தது.

நிமிர்ந்தபோது அவர் முகம் இன்னும் சிவந்திருந்தது.

"சரி. இறுகிப் போச்சு. ஒத்துக்கிறேன். அதனாலதானே கழட்டினேன்? என் வேகத்துக்கு ஆகாது. இவன் வேகத்துக்குப் போதும்."

"எப்படி?"

"இவன் என்னைவிட ரொம்ப மெதுவாப் போறான்."

"ரொம்பன்னு சொல்லாதீங்க முதலாளி" என்றான் யாசர். "போன வாரம் உங்க பின்சக்கரம் எனக்குத் தெரிஞ்சுது."

"நான் பெட்ரோல் தீர்ந்து தள்ளிட்டு வந்தேன்டா அப்போ."

யாசர் சிரித்தான். பிலோமினா சிரிக்கவில்லை.

"மெதுவாப் போனா டயர் சூடாகுமா சார்?"

"அவ்வளவா ஆகாது" என்றார் சிற்றம்பலம்.

"இறுகின டயர் சூடாகலைன்னா பிடிக்குமா?"

"பிடிக்கும். கொஞ்சம் குறைச்சலாப் பிடிக்கும்."

"காலையில உங்களுக்கு வழுக்கிச்சே, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. கையை அப்படியே வெச்சிருந்தேன். தானாப் பிடிச்சுக்கிச்சு."

"யாசர் என்ன பண்ணுவார்?"

"என்னையே கேளுங்க கோச்" என்றான் யாசர். "பட்டுன்னு ஆக்சிலேட்டரை மூடிருவேன். உசிரு பயம் இருக்குமில்ல."

வெளியே யாரோ ஒரு இன்ஜினை முறுக்கி அணைத்தார்கள்.

வழுக்கும்போது ஆக்சிலேட்டரை மூடினால், நழுவிய சக்கரம் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பிடித்த வேகத்தில் வண்டி ஆளைத் தூக்கி எறியும். இங்கே வருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே, மூடாதே என்பதுதான். முதல் தடவை வழுக்கும்போது எல்லோரும் மூடத்தான் செய்கிறார்கள்.

சிற்றம்பலம் யாசரின் கழுத்தைப் பார்த்தார். ஹெல்மெட் வார் உரசி அங்கே ஒரு கோடு இருந்தது.

"பேசுறது சுலபம்" என்றார். குரல் இறங்கவில்லை. "இப்போ அவன் எதுல ஓட்டுவான்? மூணு மணிக்கு எதுல போய் நிப்பான்? வருஷம் பூரா ராத்திரி டூட்டி பார்த்துட்டு, தூங்காம இங்க வந்து பழகியிருக்கான். நான் ஏதோ என்னால ஆனதைக் குடுத்தேன். நீங்க என்ன குடுத்தீங்க? ஆக்ஸா பிளேடா?"

பிலோமினா எழுந்து நின்றாள். டயர் அவள் கையில் தொங்கியது. அவள் குரலை உயர்த்தி அவர்கள் யாரும் கேட்டதில்லை.

"குடுத்தீங்களா? வேண்டாம்னு கழட்டிப் போட்டீங்க. அதுக்குப் பேரு குடுக்கிறதா? எனக்கு ஆகாது, அவனுக்கு ஆகும்! எத்தனை பேர் வாயில இதைக் கேட்டுட்டேன் இங்க! உங்களுக்கு ஆகாதது அவருக்கு எப்படி சார் ஆகும்? அவரு எலும்பு என்ன ரீட்ரெடிங்கா?"

சிற்றம்பலம் ஒரு அடி பின்னால் போனார்.

அவள் மறுபடி உட்கார்ந்து, மிச்சத்தை நாலு இழுப்பில் அறுத்தாள். விளிம்புக் கம்பி டக்கென்று விட்டது. டயர் வளையமாக இல்லாமல் தரையில் நீட்டிக்கொண்டு விழுந்தது.

"எப்போ மாத்தணும்னு கேட்டீங்களே" என்றாள்.

அறுந்த டயரைக் காலால் ஒதுக்கினாள்.

"இதை யாருக்குக் குடுக்கலாம்னு இன்னைக்கு யோசிச்சீங்கள்ல? அதுக்கு முந்தின ரவுண்டுல."

ஆக்ஸா பிளேடைப் பலகை மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். வெயிலில் அவள் நிழல் கொஞ்ச தூரம் தெரிந்தது.

அவள் காது கேட்காத தொலைவுக்குப் போகும்வரை யாசர் பொறுத்திருந்தான்.

"பார்த்தீங்களா முதலாளி? வாய்க்கு வந்ததைப் பேசிட்டுப் போறாங்க. இவங்களுக்கு என்ன, ஜெயிச்சவங்க பட்டியல்ல இவங்க பேரு செவுத்துல தொங்குது. நம்மை மாதிரி ஒருத்தன் மேல வந்தா பொறுக்காது. என் எலும்பு, நான் பார்த்துக்கிறேன். இவங்களை யாரு கேட்டா?"

சிற்றம்பலம் தரையில் கிடந்த கிளவுஸை எடுத்தார். தட்டினார். பலகை மேல் வைத்தார்.

"நீங்களாவது நாலு வார்த்தை நல்லாக் கேட்டீங்க. என்னைக் கேட்டா இன்னும் கேட்டிருக்கணும். நல்ல டயர் முதலாளி அது. பட்டன் அப்படியே இருந்துச்சு. நீங்களே சொன்னீங்கள்ல?"

"உன் வண்டி எங்க நிக்குது?"

"அந்தக் கடைசி ஷெட்டுல. எதுக்கு? தள்ளிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் தம்பி வேற லீவு போட்டு பார்க்க வந்திருக்கான். அவன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"நம்ம ரெண்டு பேருதும் ஒரே மாடல் வண்டிதானே?"

"ஒரே மாடல்தான். ஓட்டுறவன்தான் வேற." யாசர் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தான். "எலும்பு ரீட்ரெடிங்கான்னு கேக்கிறாங்க முதலாளி! கேட்டீங்களா? என்ன வார்த்தை அது? ஒரு மனுசனைப் பார்த்துப் பேசுற பேச்சா?"

அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

சிற்றம்பலம் தன் வண்டியில் புது டயர் மாட்டிய பின்சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டு, அதைக் கழற்ற ஆக்சில் நட்டில் ஸ்பேனரைப் பொருத்தினார்.