வேப்பிலை வளை

குளக்கரையில் கொக்கு வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்தினார். குட்டிகள் எல்லாம் ஒற்றைக் காலில் ஆடாமல் நின்று பாடம் கேட்க வேண்டும். அவருக்குத் தெரிந்த படிப்பு அது ஒன்றுதான்!

நீர்நாய் வீரம்மாவின் குட்டி சுழியனுக்கு அது மட்டும் வரவே இல்லை. தும்பி பறந்தால் தும்பி பின்னால் ஓடுவான். தவளை குதித்தால் தவளை பின்னால் ஓடுவான்.

"இவனைக் கூட்டிக்கொண்டு போம்மா! இவன் மண்டையில் ஒன்றும் ஏறாது!" என்றார் கொக்கு.

"நண்டு வளை எது, பாம்பு வளை எது என்றாவது சொல்லிக்கொடுங்கள் ஐயா! மழை வந்தால் தனியாக இரை தேடப் போவானே. கண்ட வளையில் கையை விட்டால் உயிர் போய்விடும்!"

"எத்தனை தடவை சொல்வது? நண்டு வளை வாயில் மண் உருண்டை சொரசொரக்கும், பாம்பு வளை வழவழக்கும். கேட்டானா அவன்?"

வீரம்மா குட்டியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். 'என் பிள்ளைக்கா ஏறாது? ஒரு கை பார்த்துவிடுகிறேன்!'

கூழாங்கல், சிப்பி, நத்தைக்கூடு என்று அகப்பட்டதையெல்லாம் அள்ளிவந்து அவன் முன்னே கொட்டினாள். சுழியன் அத்தனையையும் வாரி இறைத்துவிட்டு ஓடினான். வீரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அட! ஓடுகிறவன் கையில் ஒரே ஒரு சிப்பி மட்டும் உருண்டுகொண்டே இருந்ததே! 'மொத்தமாகக் கொட்டியது என் தப்பு' என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் களிமண்ணில் இரண்டே இரண்டு வளை செய்தாள். சொரசொர வளைக்குள் நண்டுக்கால் வைத்தாள். வழவழ வளைக்குள் வேப்பிலையை அரைத்துப் பூசினாள்.

சுழியன் கையை விட்டு நக்கினான். "த்தூ! கசக்குதும்மா!"

"அப்போ வளையோட வாயைத் தடவிப் பார்த்துட்டு கையை விடுடா கண்ணு!"

தடவினான். பாதியில் ஓடினான். அவள் இழுத்து உட்காரவைக்கவில்லை, அவன் வரும்வரை பிடிவாதமாகக் காத்திருந்தாள். திரும்பி வந்து மறுபடி தடவினான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டே நண்டுக்கால் எடுத்தான்!

மழை வந்தது. கொட்டுகிற மழையில் யாருக்கும் கண் தெரியவில்லை. பசி தாங்காத கொக்கு, கரைச் சரிவில் இருந்த ஒரு வளைக்குள் அலகை விடப் போனார். அங்கே இரை தேடிக்கொண்டிருந்த சுழியன் அவருக்கு முன்பே அதன் வாயைத் தடவினான்.

"வாத்தியாரே, வேண்டாம்! வேப்பிலை வளை!"

இருவரும் பின்னால் துள்ளினார்கள். புஸ்ஸென்று ஒரு பாம்பு தலையை நீட்டியது!

மழை விட்டதும், சுழியனிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட கொக்கு வீரம்மாவிடம் வந்தார். "அந்தக் களிமண் வளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடும்மா."

"தாராளமாக! ஆனால் அந்த ஒற்றைக்கால்?"

"அது எனக்கு மட்டும் இருக்கட்டும்!" என்றார் கொக்கு.

ஓரிடத்தில் நிற்காத பிள்ளையை மக்கு என்று தள்ளாமல், அவன் கைக்கு ஏற்றதை ஒவ்வொன்றாகக் கொடுத்துக் காத்திருந்தால் படிப்பு தானாக ஏறும்.