எண்ணுக்குப் பெயர் சொல்பவர்கள்

“என்னை யாருமே நம்ப மாட்டேங்கறாங்க ரிஸ்வானா,” என்றான் சேந்தன்.

அவன் வேலை பார்த்த அறக்கட்டளையின் மெயில் சர்வரை அவன்தான் நிறுவியிருந்தான். அதன் விடுதியில் இடம் கிடைத்த நாற்பது பிள்ளைகளுக்கு அன்று மாலைக்குள் கடிதம் போயாக வேண்டும். தவறினால் அந்த இடங்கள் வேறு ஆட்களுக்குப் போய்விடும். அனுப்பியதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ரிஸ்வானா அவனைவிட மூன்று வயது சின்னவள். பாலிடெக்னிக் படித்தவள். அந்த அறையில் அவள்தான் குரு.

“சர்வருக்குப் பேர் வெச்சீங்களா அண்ணே?”

“வெச்சேன்.”

“அந்தப் பேரைக் கேட்டா டிஎன்எஸ் பதிவேடு என்ன சொல்லுது?”

“நம்ம ஐபி நம்பரைச் சரியாச் சொல்லுது. நாலு தரம் பார்த்துட்டேன்.”

“நாலுதானா?”

“பதினொண்ணு.”

அவள் சிரித்தாள். “கடிதம் வாங்கற சர்வர், அனுப்பின நம்பரைப் பிடிச்சுக்கிட்டு வரும். நம்பரைக் கேட்டா யார் பேர் வருது?”

கேட்டுப் பார்த்தான். எந்தப் பெயரும் வரவில்லை.

“அதையும் நானே எழுதிடறேன்,” என்று டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்தான். பெயருக்கு எண் எழுத அங்கே இடம் இருந்தது. எண்ணுக்குப் பெயர் எழுத இடம் இல்லை.

ரிஸ்வானா டீயை ஆற்றினாள்.

“முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினீங்களே. உங்க வீட்டுல வேற யாரும் பட்டம் வாங்கலைன்னு யார் சொன்னா?”

“நான்தான் எழுதிக் கொடுத்தேன். வி.ஏ.ஓ. ஒத்துக்கலை. அக்கம்பக்கத்துல யாராவது வந்து சொல்லணும்னாரு.”

“யார் வந்தா?”

“எதிர் வீட்டு அஞ்சலை அத்தை. நடவைப் பாதியில விட்டுட்டு, சேத்துக் காலோட வந்தாங்க. அவங்க வரலைன்னா நான் காலேஜ் வாசலை மிதிச்சிருக்க மாட்டேன்.”

அவள் டம்ளரைக் காலி செய்தாள்.

சேந்தன் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். அந்த எண்ணை வாடகைக்குக் கொடுத்திருந்த நிறுவனத்துக்கு எழுதினான்: ‘இந்த எண் யாருடையது என்று எவராவது கேட்டால், தயவுசெய்து எங்கள் சர்வரின் பெயரைச் சொல்லுங்கள்.’

மூன்று மணிக்கு அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். நான்கு மணிக்கு நாற்பது கடிதங்களும் போய்ச் சேர்ந்திருந்தன.

“இன்னும் ஒருத்தருக்குச் சொல்லணும்,” என்றான். “அவங்களுக்கு மெயில் கிடையாது.”

ரிஸ்வானா அலுவலகப் போனை அவன் பக்கம் தள்ளினாள். அவன் ஊரில் யாருக்கும் தெரியாத நம்பர் அது.

அவன் எண்களை அழுத்தினான். மறுமுனையில் மணி அடித்தது.

“யாரு?” என்றது ஒரு பெண்குரல்.

“அத்தை,” என்றான்.

“நம்ம சேந்தனா?”