நடுப்பாலத்தில் ஒரு கூட்டம்

மழை ஓயாத ஆங்கிலேயர் நாட்டில், வயல்களுக்கு நடுவே ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டில் ஒரு முள்ளெலி தன் குட்டிகளை எதிரே உட்கார வைத்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தது.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நம் பாலம்... இல்லை, முதலில் வணக்கம். வணக்கம் சொன்ன பிறகுதானே பாலம்?"

"அம்மா, போன தடவை வணக்கத்தையே இரண்டு முறை சொன்னாய்," என்றது ஒரு குட்டி.

"பார்த்தாயா, தப்பாகத்தான் சொல்லப்போகிறேன். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். சபையில் ஒரு சொல் இடம் மாறினாலும் சிரிப்பார்கள்."

ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஓடை ஓடியது. இந்தப் பக்கம் கீழ்க்கரை, அந்தப் பக்கம் மேல்கரை. இரண்டு கரைக்கும் தனித்தனி ஊராட்சி மன்றம். கீழ்க்கரைக்கு வாத்து தலைவர். மேல்கரைக்கு, முகத்தில் வெள்ளைக் கோடு போட்ட வளைக்கரடி தலைவர். எப்போதோ காற்றில் சாய்ந்து ஓடையின் குறுக்கே விழுந்த ஒரு பெரிய மரம்தான் பாலம். அதில் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முள்ளெலி அந்த மரத்தில் புழு பொறுக்கித் தின்னப் போவது வழக்கம். கொஞ்ச நாளாக மரத்தின் நடுவில் மட்டும் புழுக்கள் கொழுகொழுவென்று கிடைத்தன. முதலில் அதற்குச் சந்தோஷம்தான். பிறகு யோசித்தது. புழு இப்படிக் கொழுத்தால் மரம் எப்படி இருக்கும்? காலால் அழுத்திப் பார்த்தது. மரம் ரொட்டி போல அமுங்கியது.

பெருமழைக்காலம் நெருங்கியது. மழை வந்தால் கீழ்க்கரை வளைகளில் வெள்ளம் புகும். குட்டிகளை அந்த மரத்தின் மேல்தான் மேல்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவை நடுவில் போகும்போது மரம் முறிந்தால்? நினைத்ததுமே முள்ளெலிக்கு முட்கள் எல்லாம் நட்டுக்கொண்டன.

மன்றக் கூட்டம் எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். முதலில் தேநீர். பிறகு வானிலை.

"தூறல்தான்," என்றது வாத்து.

"வழிமொழிகிறேன்," என்றது செம்மறியாடு. அந்த ஆட்டுக்கு வேறு பேச்சே தெரியாது.

அதற்குப் பிறகு பொதுமக்கள் பேசலாம். ஒரு நத்தை கல்லின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போய்ச் சேரும்வரை நேரம் உண்டு.

"முள்ளெலி அம்மா, பேசலாம்," என்றது மன்றச் செயலரான காகம்.

எல்லாக் கண்களும் திரும்பின. முள்ளெலி அந்த இடத்திலேயே பந்தாகச் சுருண்டுகொண்டது. நத்தை ஆடி அசைந்து போய்ச் சேர்ந்தது. பந்து விரியவில்லை.

"பொதுமக்கள் கருத்து எதுவும் இல்லை," என்று அறிவித்தது காகம்.

வெளியே காத்திருந்த பக்கத்து வளை முயல் கேட்டது: "ஏன் அக்கா, பேசப் போனாயா, தூங்கப் போனாயா?"

அடுத்த கூட்டத்தில் முள்ளெலி சுருளக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நத்தையின் பக்கத்திலேயே நின்றது. முள்ளெலிக்கு நத்தை தின்பதென்றால் உயிர் என்று நத்தைக்குத் தெரியும். அதன் குலத்தில் யாரும் ஓடாத ஓட்டம் ஓடியது.

"வணக்கம்..." என்றது முள்ளெலி.

"நேரம் முடிந்தது," என்றது காகம்.

அதற்கடுத்த கூட்டத்தில் முள்ளெலி நத்தையை எட்ட முடியாத தூரத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வணக்கத்தை விட்டுவிட்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டது: "பாலம் நடுவில் இற்றுப்போயிருக்கிறது."

வாத்து கழுத்தை நீட்டியது. "நடுவில் என்றால்? எங்கள் பாதியிலா, மேல்கரைப் பாதியிலா?"

"இரண்டிலும்தான் ஐயா. நடுவில்."

"அப்படி ஓர் இடம் மன்றத்தின் கணக்கில் இல்லையே அம்மா."

"நீங்களே ஒரு தரம் நடந்து பாருங்கள் ஐயா."

"நான் எதற்கு நடக்க வேண்டும்? நான் நீந்திப் போகிறவன்."

"வழிமொழிகிறேன்," என்றது நீந்தத் தெரியாத ஆடு.

மேல்கரை வளைக்கரடியிடம் சொல்லி அனுப்பினார்கள். அது கோபமாகவே வந்தது. "எங்கள் பாதிக்கு என்ன குறை? போன வசந்தத்தில்தான் பாசி சுரண்டினோம். உங்கள் பாதியைப் போய்ப் பாருங்கள்."

"எங்கள் பாதி கல் மாதிரி இருக்கிறது," என்றது வாத்து.

கடைசியில் இரண்டு மன்றமும் சேர்ந்து பேசுவது என்று முடிவாயிற்று. எங்கே பேசுவது? கீழ்க்கரையில் கூடினால் மேல்கரைக்கு மதிப்புக் குறைவு. மேல்கரையில் கூடினால் கீழ்க்கரைக்குக் குறைவு. நீண்ட விவாதத்துக்குப் பிறகு வழி கிடைத்தது. பாலத்தின் சரிநடுவில் கூடுவது. எல்லா உறுப்பினர்களும் வருவது. தேநீர் உண்டு.

"ஐயா, எல்லோருமா? ஒரே இடத்திலா?" என்றது முள்ளெலி.

"நடுவில்தான் பிரச்சினை என்று நீதானே சொன்னாய்? நடுவிலேயே வைத்துத் தீர்த்துவிடுவோம்," என்றது வளைக்கரடி.

கூட்டத்தன்று மேகம் கறுத்திருந்தது. தேநீர் கொதிக்கும் முன்பே முள்ளெலி குட்டிகளோடு பாலத்துக்கு வந்துவிட்டது. "ஒவ்வொருவராகப் போங்கள். ஒருவர் கரையேறிய பிறகு அடுத்தவர். நடுவில் நிற்காதீர்கள், புழுவைப் பார்க்காதீர்கள்," என்று சொல்லி அனுப்பியது. பின்னாலேயே முயலும் தன் பிள்ளைகளோடு வந்து வரிசையில் நின்றது.

வளைக்கரடி பார்த்துச் சிரித்தது. "பாலத்துக்கு இவ்வளவு மரியாதையா?"

முள்ளெலி கடைசியாகத் தானும் வயிறு தரையில் தேய ஊர்ந்து அக்கரை சேர்ந்தது.

பிறகு மன்றத்தார் ஏறினார்கள். வளைக்கரடிகள், வாத்துகள், ஆடு, தேநீர்ப் பானை.

"முள்ளெலி அம்மா, வந்து இடத்தைக் காட்டுங்கள்," என்று கூப்பிட்டது வாத்து.

"இங்கிருந்தே காட்டுகிறேன் ஐயா. ஆட்டின் காலடியில்."

ஆடு குனிந்து பார்த்தது. ஒரு காலை மட்டும் தூக்கிக்கொண்டது.

"பாலம் முழு உறுதியாக உள்ளது என்று முன்மொழிகிறேன்," என்ற வளைக்கரடி, அதைக் காட்ட ஓங்கி ஒரு மிதி மிதித்தது.

"வழிமொழி..." என்றது ஆடு.

மடார் என்று முறிந்தது மரம். உறுப்பினர்களும் பானையும் ஓடைக்குள் போனார்கள்.

"கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது," என்றது வாத்து, சுகமாக மிதந்துகொண்டே.

"ஒருமனதாகவா?" என்று மேலே பறந்தபடி கேட்டது காகம்.

முள்ளெலி கத்தியதும் முயல்கள் கரையோரக் கொடியைக் கடித்து இழுத்து நீட்டின. கம்பளி முழுக்க நீர் குடித்த ஆட்டை இழுப்பதற்குள் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. வளைக்கரடி கரையேறிய உடனே கேட்டது: "எந்தப் பாதி முதலில் முறிந்தது?"

"நீங்கள் நின்ற பாதி," என்றது முயல்.

மாலைக்குள், இரண்டு கரைக் குடிகளும் யாரையும் கேட்காமல் வேறொரு மரத்தை உருட்டிப் போட்டார்கள். கீழ்க்கரையில் மீதியிருந்தவர்கள் அதில் ஒவ்வொருவராக மேல்கரைக்கு வந்துசேர்ந்தார்கள். அன்று கொட்டிய மழையில் கீழ்க்கரை வளைகள் மூழ்கின. வளைக்குள் ஒருவரும் இல்லை.

மழை விட்டதும் மன்றங்கள் மேல்கரையில் கூடின. புதிய மரத்துக்கு நடு எது என்று தீர்மானிக்க ஒரு குழு வேண்டுமாம்.

"குழுவுக்கு முள்ளெலி அம்மாவே தலைவராக இருக்கட்டும்," என்றது வாத்து.

"வழிமொழிகிறேன்," என்று தும்மியது ஆடு.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முள்ளெலி நின்ற இடத்தில் ஒரு முள் உருண்டை கிடந்தது. கூப்பிட்டுப் பார்த்தார்கள். தூக்கப் பார்த்த வளைக்கரடி கையை உதறிக்கொண்டது. கூட்டம் முடிந்து, தேநீர்ப் பானையைக் கழுவிக் கவிழ்த்து, கடைசி வாத்தும் போன பிறகுதான் அந்த உருண்டை மெல்ல விரிந்தது.

நீதி: ஆபத்து யாருடைய பாதியில் இருக்கிறது என்று வாதாடுகிறவர்கள், அந்த ஆபத்தின் மேலேயே நிற்கிறார்கள்.