தலைவருக்கு எத்தனை நாற்காலி

எங்கள் தெரு ஜெசிந்தா கல்யாண வீடுகளில் நாற்காலி போட்டுத்தான் தொழிலுக்கு வந்தாள். முதன்முதலாக ஒரு கட்சி மாநாட்டுக்கு மேடை போடும் வேலை கிடைத்தது. வம்பும் கூடவே வந்தது. தலைவர் தன் ஆட்கள் அத்தனை பேரையும் மேடையில் ஏற்றிவிட்டார்.

“பலகை தாங்காதுங்கய்யா.”

“எனக்காக உயிரையே கொடுக்கிறவங்க. ஒருத்தனை நீ இறக்கினாலும் இதுதான் உனக்குக் கடைசி மேடை.”

அவள் யாரையும் இறக்கவில்லை. மைக்கை எடுத்தாள். “மேடை ஆடுது. தலைவர் உயிர்தான் பெரிசுன்னு நினைக்கிறவங்க இறங்கிடலாம். மத்தவங்க தாராளமா இருக்கலாம்.”

விழுந்தடித்து இறங்கினார்கள். தலைவரைக் கைபிடித்து இறக்க மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

“எனக்காகத்தானே இறங்கினாங்க?” என்றார் மெதுவாக.

“நான் அப்படித்தான் சொன்னேங்கய்யா.”

அடுத்த மாநாட்டுக்கும் அவளையே கூப்பிட்டார். மேடையில் ஒரே நாற்காலி போதும் என்றார்.