பூட்டிய பிறகு

“கைடு நகந்துக்கிட்டே இருக்கும்மா. எனக்கு நிம்மதியே போச்சு” என்றார் பூதலிங்கம்.

செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் சின்ன மடம் ஒன்றை நடத்தி வந்தார் சிவஞானத்தம்மாள். அவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். மரப் பட்டறை முதலாளி பூதலிங்கத்துக்கு அறுபத்துமூன்று. அவர் போய் அந்த அம்மாள் முன்னால் கைகட்டி நிற்பதைப் பார்த்து ஊரில் சிரிப்பவர்களும் உண்டு. அவர் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

கைடு என்றால் என்ன என்று அம்மாள் கேட்டார்.

ரம்ப மேசையில், சுழலும் ரம்பத்துக்குப் பக்கத்தில் நேராக நிற்கும் இரும்புப் பட்டை அது. பலகையை அதோடு ஒட்டிப் பிடித்துத் தள்ளினால்தான் ஒரே அகலமாக அறுபடும். பட்டை ஒரு மயிரிழை விலகினாலும் பலகை கோணிவிடும்.

மடத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கான பெஞ்சுப் பலகைகளில் பாதி அப்படித்தான் கோணிக் கிடந்தன. பட்டையை மாற்றியாயிற்று. அதைப் பூட்டும் கைப்பிடியையும் மாற்றியாயிற்று. தென்காசியிலிருந்து வந்த மெக்கானிக் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

“முன்ன சூசைதான் நகட்டுதான்னு நெனச்சேன். அவன அனுப்பி ஆறு வருசமாச்சு. இப்பவும் நகருது.”

சூசை யார் என்று அம்மாள் கேட்கவில்லை. பூதலிங்கமே சொன்னார்.

பதினான்கு வருடம் அந்த ரம்பத்தில் நின்றவன். அவனை நம்பிப் பட்டறைச் சாவியையே கொடுத்திருந்தார். ஆனாலும் தினமும் சாயங்காலம் அவன் கிளம்பும்போது சாப்பாட்டுப் பையை ஒருதரம் திறந்து பார்ப்பார். சந்தேகம் என்றில்லை, ஒரு பழக்கம். பலகைகள் கோண ஆரம்பித்ததும், பத்துப் பேருக்கு முன்னால், வேண்டுமென்றே செய்கிறாய் என்று அவனைச் சொல்லிவிட்டார்.

“அவரு என்ன சொன்னாரு?”

“நான் வாயத் தெறக்க விடலியே. கைடைப் பூட்டுனான். ரெண்டு கையையும் இப்படித் தூக்கி என் மூஞ்சிக்கு நேரா காட்டிட்டு நின்னான். என்ன திமிருங்கீங்க. அப்படியே எறங்கிப் போயிட்டான்.”

ஆறு வருடமாக டீக்கடையில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவது அவருக்கு நன்றாகவே படிந்திருந்தது.

மறுநாள் காலை அம்மாள் பட்டறைக்கு வந்தார். தனக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது, நீங்கள் செய்வதைப் பார்க்கிறேன் என்று சொல்லி ஓரமாக நின்றுகொண்டார்.

பூதலிங்கம் டேப்பை வைத்து அளந்தார். கைடை நகர்த்தினார். கைப்பிடியை அழுத்திப் பூட்டினார். பிறகு உள்ளங்கையால் கைடின் மறுமுனையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“இன்னொரு தடவை.”

அளந்தார். பூட்டினார். தட்டினார்.

“அந்தத் தட்டு எதுக்கு அண்ணாச்சி?”

“ஒரு நம்பிக்கைக்கும்மா.”

“இன்னொரு தடவை.”

அளந்தார். பூட்டினார். கை தட்டப் போனது. அம்மாள் வந்து அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, மேசையைவிட்டு மேலே தூக்கினார். அவ்வளவுதான் செய்தார்.

பூதலிங்கம் தன் கைகளைப் பார்த்தார். விரல்கள் விரிந்து, உள்ளங்கைகள் முகத்துக்கு நேராக நின்றன.

“அறுங்க” என்றார் அம்மாள்.

ஒரு பலகையை அறுத்தார். இரண்டு முனையிலும் டேப்பை வைத்துப் பார்த்தார். ஒரே அளவு. இன்னொன்றை அறுத்தார். அதுவும் ஒரே அளவு. மூன்றாவதை அளக்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

“சொல்லிட்டுத்தாம்மா போயிருக்கான்” என்றார். “பூட்டுனா கைய எடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கான். அவன் பூட்டுனதயும் நான்தான் தட்டித் தட்டி நகட்டிருக்கேன். நான் அவனத் திமிர் புடிச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே.”

வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த ஆறு வருடச் சாயங்காலங்கள் உறுத்தின. திறந்து பார்க்க ஒரு பை இல்லாமல், பட்டறையைத் தானே பூட்டி, சாவியைத் தானே எடுத்துக்கொண்டு போன சாயங்காலங்கள்.

சூசை இப்போது புளியரையில் வேறொரு பட்டறையில் நிற்கிறானாம். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. இன்றைக்கே போகிறேன் என்றார் பூதலிங்கம். பேசிக்கொண்டே அடுத்த பலகைக்கு அளந்து கைடை நகர்த்தினார், கைப்பிடியை அழுத்திப் பூட்டினார்.

“மன்னிப்புக் கேட்டு, சாவிய அவன் கையில குடுத்துருதேன். இனிமே அந்தப் பையத் தொடவே மாட்டேன். வருவானாம்மா? வந்தாலும் பழைய மாதிரி இருப்பானா? நீங்களும் கூட வந்து ஒரு வார்த்த சொன்னா எனக்குக் கொஞ்சம் உறுதியா இருக்கும்.”

அம்மாள் மேசையைப் பார்த்தார்.

பூதலிங்கமும் பார்த்தார்.

பூட்டிய கைடில் அவருடைய உள்ளங்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இரண்டாவதற்கு ஓங்கியிருந்தது.