வெள்ளைத் திரை பிடித்தவர்

"சன்னிதிக் கதவை எப்போம்மா திறப்பீங்க?"

"திறக்கிறதில்லை."

"திருநாளைக்காவது?"

"திறக்கிறதில்லைன்னு சொன்னேனே."

கேட்டவர் குன்பெய். அறுபது தாண்டியவர். விசிறிகளில் கொக்கும் நாணலும் வரைந்து பிழைத்தவர். கண்ணில் புகை படர ஆரம்பித்ததும் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, ஜப்பானின் மேற்குக் கரையிலிருந்த இந்த ஷிண்டோ கோயிலுக்கு நடந்தே வந்து சேர்ந்தார். எல்லாம் இருட்டிப் போவதற்குள் சாமியை ஒரு தரம் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான். வேறு ஆசை இல்லை.

பதில் சொன்னவள் சாயோ. கோயில் பூசாரி. அவரைவிட வயதில் மிகச் சின்னவள். இவளே என் குரு என்று அவராக முடிவு செய்துகொண்டார். வேண்டாம் என்றாள். போக மாட்டேன் என்றார். அப்படியானால் சருகு கூட்டுங்கள் என்றாள்.

வந்த அன்றே வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். மரத்தாலான தோரணவாயிலைத் தாண்டி, பாதை நடுவே ஜமீன்தார் மாதிரி நடந்தார்.

"ஓரமா வாங்க. நடுவழி சாமிக்கு."

"சாமி இப்போ வருதா?"

"வந்தா உங்களைச் சுத்திக்கிட்டுப் போகணுமா?"

ஒதுங்கினார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

இருபுறமும் தேவதாருக்கள். நாலு பேர் கைகோத்தாலும் பிடிக்குள் அடங்காத அடிமரங்கள். அவை முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கோயில். சாயம் இல்லை. பொன் இல்லை. சிற்பம் இல்லை. வெறும் மரம், மேலே புல்கூரை.

ஆயுள் முழுக்க வண்ணம் பூசியவர் கண்ணாலேயே அளந்து பார்த்தார். அதில் ஒரு கோடு கூட்ட முடியாது. ஒரு கோடு குறைக்கவும் முடியாது.

பிறகு கேட்டார்.

"ரொம்பப் பழசுன்னாங்களே. ஆனா மரம் இவ்வளவு திடமா இருக்கு?"

"மரம் எங்கப்பா காலத்துது. கோயில் பழசு. தலைமுறைக்கு ஒரு தடவை பக்கத்து மனையிலே இதே மாதிரி ஒண்ணு கட்டி, சாமியை அங்கே கூட்டிப் போவோம். அடுத்தது வர்ற வசந்தத்திலே."

"அப்போ வெளியே வருமே?"

"வரும். சுத்திலும் வெள்ளைப் பட்டுத் திரை பிடிச்சிருப்பாங்க. யாரும் பார்க்கிறதில்லை. எங்கப்பா பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை."

"பார்க்காமலேயா பூசை பண்றீங்க?"

"காலையிலே சோறு வைக்கிறேன். சாயந்தரம் எடுக்கிறேன். பார்க்க எங்கே நேரம்?"

குளிர்காலத்தில் கண் இன்னும் மங்கியது. ஒருநாள் தூணுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். அது சாயோ இல்லை என்று தெரிய நேரமாயிற்று. அதற்குப் பிறகுதான் கதவைப் பற்றி அந்தக் கேள்வி.

"உங்களுக்குக் கல்நெஞ்சு," என்றார். "எனக்கு இன்னொரு வசந்தம் கிடையாது."

சாயோ சாமிக்கு வைத்த சோற்றை எடுக்கப் போனாள்.

சாமி இடம் மாறும் நாள் வந்தது. விடியலில் திரையின் முன்முனையைக் கொண்டுவந்து குன்பெய் கையில் கொடுத்தாள்.

"இதை ஏன் என்கிட்டே?"

"நடுங்காத கை வேணும்."

சாமியைச் சுமப்பவள் அவள்தான். கண்ணை மூடிக்கொண்டு, காலடிக் கூழாங்கல்லைத் தடவித் தடவி நடக்க வேண்டும். அவளுக்கும் குன்பெய்க்கும் நடுவே பட்டு மட்டும்தான். ஒரு விரலை அசைத்தால் போதும். அவருக்கு அது புரிந்தது.

ஊரே இருபுறமும் தலைகுனிந்து மண்டியிட்டிருந்தது. கூழாங்கல் நெறுநெறுத்தது. வேறு சத்தமில்லை.

பாதி வழியில் கடல்பக்கமிருந்து காற்று வந்தது. திரை எழும்பியது. சரியாக அவர் முனையில்.

புதுக் கோயிலின் கதவு சாத்தப்பட்டது. ஊர் கலைந்தது. குன்பெய் மட்டும் தேவதாரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. சாயோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பார்த்தீங்களா?"

"இல்லை."

"காத்து அடிச்சுதே. என் முகத்திலே பட்டுது."

"அடிச்சுது. திரையும் தூக்குச்சு."

"கண்ணு ஒத்துழைக்கலையா?"

"கண்ணு இன்னைக்கு நல்லாத்தான் இருந்துது. கைதான் முந்திக்கிச்சு. கீழே இழுத்து, இறுக்கிப் பிடிச்சுட்டேன்."

"ஏன்?"

குன்பெய் யோசித்தார். தனக்கே எரிச்சலாக இருந்தது.

"யாராவது பார்த்துடப் போறாங்களேன்னு."